பவளம்: மணியும் கொடியும் உயிரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்க் கவிதையில் பவளம் பெற்றுள்ள இடம் சிறியதன்று. தலைவியின் இதழுக்குப் பவளம் உவமை. அந்தி வானுக்குப் பவளம் உவமை. இறைவன் திருமேனிக்கும் பவளமே உவமை. துகிர் என்னும் பழஞ்சொல்லும் அதனையே குறிக்கும். இவ்வுவமைகள் அனைத்திலும் பொதுத்தன்மையாக நிற்பது நிறம் ஒன்றே. அறுத்து, தீட்டி, துளையிட்டு, நூலில் கோத்த பின்னர் எஞ்சும் செந்நிறத்தையே புலவர்கள் பாடினர். புறநானூற்றின் 218-ஆம் பாடலில் கண்ணகனார், பொன்னும் பவளமும் முத்தும் மலையில் பிறந்த மணியும் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் தோன்றியவை எனினும் ஓர் அணிகலனில் ஒருங்கு சேர்கின்றன என்றும், சான்றோர் சான்றோரை அடைவதும் அத்தகையதே என்றும் கூறுகிறார். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்ததைக் கண்டு பாடியது அது. நட்பின் உயர்வை உரைக்க அதனினும் சிறந்த உவமை அரிது. எனினும் அங்கும் பவளம் அணிகலனாகவே வருகிறது; அது எங்கே, எவ்வாறு வாழ்ந்தது என்பது பாட்டின் பொருளுக்கு வேண்டப்படவில்லை.

உயிரோடிருக்கும் பவளத்தைக் கடலுக்குள் சென்று கண்டவர் என்ன கண்டார்? அக்காட்சி கவிதைக்கு எதனைத் தரவல்லது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

கடல் கடந்து வந்த மணி

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புலவர்கள் பாடிய செம்பவளம் தமிழகக் கடலில் விளைந்ததன்று. அது மத்தியதரைக் கடலிலிருந்து மரக்கலத்தில் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடற்பயண நூல், முசிறி முதலான துறைமுகங்களில் இறக்குமதியான பொருள்களுள் பவளத்தையும் பட்டியலிடுகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, உரோமர் இந்திய முத்தினை மதிப்பது போன்று இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்று எழுதினார். கொற்கை முத்து மேற்கே சென்றது. மேலைப் பவளம் இங்கு வந்தது. கண்ணகனார் தொலைவான இடங்களில் பிறந்தவை என்று குறித்தது வெறும் கற்பனையன்று. வாணிக வரலாற்றோடு பொருந்தும் செய்தி.

தமிழகக் கடலிலும் பவளம் உண்டு. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் கரையையொட்டி 21 தீவுகள் ஒரு சங்கிலி போல் அமைந்துள்ளன. அத்தீவுகளைச் சுற்றி ஆழம் குறைந்த நீரில் வளர்ந்திருப்பவை பவளப் பாறைகள். ஆனால் இவை மணியாகத் தீட்டப்படும் செம்பவளத்தின் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. சுண்ணாம்புக் கல்லாலான பாறையைக் கட்டும் வேறோர் இனம். உயிர் நீங்கிக் கரையொதுங்கினால் வெளுத்த கல்லாகவே கிடக்கும். எனவே பொற்கொல்லர் இதனை நாடவில்லை; புலவரும் பாடவில்லை. தொலைக் கடலின் பவளத்திற்கு ஈராயிரம் ஆண்டுகளாக இலக்கியத்தில் இடமுண்டு. வாயிற்படிக்கு எதிரே வாழும் பவளத்திற்கு அத்தகைய இடம் கிடைத்ததில்லை.

மலரென்று எண்ணிய உயிர்

பவளம் மணியா, கொடியா, உயிரா என்னும் வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் அதனை நவமணிகளுள் ஒன்றாக வைத்தது. பவளக்கொடி என்று தாவரமாகவும் அழைத்தது. அப்பெயர் நாடக மேடையில் புகழ்பெற்று, 1934-இல் திரைப்படமாகவும் வந்தது. ஐரோப்பியரும் நெடுங்காலம் பவளத்தைக் கடற்செடி என்றே கருதினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சிலி என்பவர் பவளக் கிளைகளைக் கடல்நீரில் இட்டு, அவற்றில் எட்டிதழ் கொண்ட வெண்ணிற மலர்கள் விரிவதைக் கண்டு மகிழ்ந்தார். 1720-களில் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனல் அதே மலர்களை மேலும் பொறுமையாக நோக்கினார். தொட்டால் அவை சுருங்கின. தொல்லை நீங்கினால் மீண்டும் விரிந்தன. அவை இதழ்கள் அல்ல, உணர்கொம்புகள். மலர் என்று கருதப்பட்டது ஒரு சிற்றுயிர் என்று அவர் முடிவு செய்தார். பாரிசு அறிவியற் கழகம் அதனை ஏற்கவில்லை. அவருடைய கருத்தைக் கழகத்தில் எடுத்துரைத்த இரேமூர், அவர் நகைப்புக்கு ஆளாகாதிருக்க அவர் பெயரையே குறிப்பிடாது விட்டார். 1740-களில் பிற ஆய்வுகள் வெளிவந்த பின்னரே பெய்சொனல் கண்டது உண்மை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

இன்றைய அறிவியல் பாறை கட்டும் பவளத்தைப் பற்றிக் கூறுவது இன்னும் வியப்பானது. பவள உயிரி மென்மையான உடல் கொண்ட விலங்கு. அவ்வுடலின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவை பத்து இலட்சம் என்னும் அளவில் இருக்கும். பாசி வெயிலைக் கொண்டு உணவாக்கி, அதன் பெரும்பகுதியைத் தன்னைத் தாங்கும் உயிருக்குத் தருகிறது. உயிரி பாசிக்கு இடமும் உரமும் தருகிறது. அவ்வுணவின் வலிமையால் உயிரி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்குக் கீழே கல்லாகப் படியவைக்கிறது. உருண்டைப் பாறையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும். ஆகவே ஆளுயரப் பாறை ஒன்று, அதனைக் காண்பவரின் பாட்டனுக்கும் முந்தைய தலைமுறையில் வளரத் தொடங்கியதாக இருக்கும். விலங்கு, அதனுள் தாவரம், அதன் அடியில் கல் என மூன்றும் ஓருருவாய் அமைந்தது பவளம். மணி என்றவரும் கொடி என்றவரும் முற்றிலும் தவறினார் அல்லர். ஆளுக்கொரு பகுதியைக் கண்டனர்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் ஊறு ஒன்றே உடையவை. நத்தையும் சிப்பியும் ஊறும் சுவையும் உடையவை. தொட்டால் சுருங்கி, நீரில் கரைந்த உணவின் சுவையறிந்து உணர்கொம்பை நீட்டும் பவளத்தை இவ்விரண்டாம் வரிசையில் வைக்கலாம். ஆயினும் ஒரு தடை எழுகிறது. பல பவள இனங்கள் ஆண்டுக்கொரு முறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில், ஒரே நேரத்தில் தம் கருக்களைக் கடலில் விடுகின்றன. ஆஸ்திரேலியக் கடலில் 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதனை இரவில் மூழ்கிக் கண்டனர். செந்நிறச் சிறு மணிகள் பாறையெங்கணும் ஒருசேரக் கிளம்பி நீர்மட்டத்தை நோக்கி எழுகின்றன. கண்ணில்லாத அவ்வுயிரின் உடலில் நிலவொளியை உணரும் புரதங்கள் உள்ளன என்று பின்னர் அறியப்பட்டது. காணும் அறிவு நான்காம் வரிசைக்குரியது. கண்ணின்றி நிலவை அறியும் உயிரை எங்கே வைப்பது என்பது இலக்கண ஆசிரியர்க்கும் கவிஞர்க்கும் சுவையான வினாவாகும்.

மூச்சடக்கிக் குளித்தவர்

தமிழர்க்குக் கடலடி புதியதன்று. கொற்கைத் துறையில் முத்துக் குளித்தலைச் சங்க இலக்கியம் அறியும். அத்தொழில் அண்மைக் காலம் வரை பெரிதும் மாறாமலே நடந்தது. குளியாள் ஒரு கல்லைக் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, கல்லின் பாரத்தால் விரைந்து இறங்குவார். பத்து முதல் இருபது மீட்டர் வரை ஆழமுள்ள நிலத்தில் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவார். கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் நிற்பவர் இழுத்துக்கொள்வார். இவை யாவும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் முடிய வேண்டும். கடலடியில் மேடாக எழுந்த பாறை நிலத்தை அவர்கள் 'பார்' என்றனர். தூத்துக்குடிக் கடலில் தொளாயிரம் பார் முதலாக ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. கண்ணால் ஒருசேரக் காண முடியாத நிலத்திற்குப் பெயரிட்டு, அப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் தொடர்ந்தது.

ஒரு நிமிடம் மட்டுமே மூச்சுடையவர்க்கு நின்று நோக்க நேரமில்லை. கை சிப்பியைத் தேடும்போது கண் வேறெங்கும் செல்லாது. அன்றியும், கண்ணாடி அணியாத விழிக்கு நீருக்குள் எல்லாம் கலங்கலாகவே தோன்றும். குளியாளர் கடலடியை அறிந்தது பெரிதும் கையாலும் காலாலுமே ஆகும். அவ்வறிவும் புலவர் அவைக்கு வந்து சேரவில்லை. குளித்தவர் பாடவில்லை, பாடியவர் குளிக்கவில்லை.

மூச்சோடு குளித்தவர்

1943-இல் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் கூஸ்தோவும் பொறியாளர் காஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி இந்நிலையை மாற்றியது. இன்று ஸ்கூபா என்று வழங்கும் கருவியின் அடிப்படை அதுவே. முதுகில் சுமக்கும் உருளையில் காற்று, வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருநூறு மடங்கு அழுத்தி அடைக்கப்படுகிறது. கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். வாயில் கவ்விய கருவி, அவ்வாழத்தின் அழுத்தத்திற்கு ஒத்த காற்றை, மூச்சிழுக்கும்போது மட்டும் அளந்து தருகிறது. நீர் நெஞ்சை அழுத்தும் அளவிற்கே காற்று உள்ளிருந்து தாங்குவதால் மூச்சு எளிதாகிறது.

இக்கருவியோடு மூழ்குவோர்க்குச் சொல்லப்படும் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதாகும். அடக்கிய மூச்சோடு மேலெழுந்தால் அழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். ஏறும்போது மெல்ல ஏற வேண்டும். விரைந்து ஏறினால் குருதியில் கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். முத்துக் குளித்தவரின் கலை மூச்சை அடக்குவது. இவர்களின் கலை மூச்சை விட்டுக்கொண்டே இருப்பது. அடக்கியவர் எடுத்து வந்தார். விடுபவர் இருந்து பார்க்கிறார்.

தமிழகக் கடலில் இதனை முதலில் பயன்படுத்தியோருள் ஆய்வாளர் குறிப்பிடத்தக்கவர். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் 1960-களில் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களில் மூழ்கிக் கடலடியின் நிலையை எழுதினர். அதே நிறுவனத்தின் கோபிநாத பிள்ளை தென்கிழக்குக் கடலின் பவளங்களை ஆராய்ந்து 94 இனங்களைப் பதிவு செய்தார். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2003 முதல் தீவுதோறும் மூழ்கி ஆய்ந்து, மன்னார் வளைகுடாவின் பவள இனங்களை 117 ஆகக் கணக்கிட்டனர். 1986-இல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டமையால், அதனுள் மூழ்குவதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும்.

கடலடிக் காட்சி

இலக்கியத்தின் வழியே மட்டும் பவளத்தை அறிந்த ஒருவர் இத்தீவுகளின் அருகே முதன்முறை மூழ்கினால் முதலில் ஏமாற்றமே அடைவார். செந்நிறம் எங்கும் இராது. பழுப்பு, மங்கிய பச்சை, தேன் நிறம், சில இடங்களில் நீலச் சாயல் ஆகியவையே காணப்படும். அவற்றுள் பெரும்பகுதி உள்ளிருக்கும் பாசியின் நிறம். மான்கொம்பு போல் கிளைத்தவை, தட்டுப்போல் விரிந்தவை, மூளையின் மடிப்புப் போல் வரியோடியவை, வெறும் உருண்டைகள் என வடிவங்களே முதலில் கண்ணைக் கவரும். ஆழம் பல இடங்களில் ஓராள் நான்காள் அளவே. மழைக்காலத்தில் நீர் கலங்கியிருக்கும். தெளிந்த நாள்களில் வெயில் வலை போல் பாறைமேல் அசையும்.

சிறிது நேரம் அசையாது மிதந்தால் பாறை தன் குடிகளை வெளிப்படுத்தும். கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் பாறையைக் கரண்டும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். பாசியோடு சேர்த்துக் கல்லையும் தின்று, அரைத்து, மணலாக வெளியிடும் மீன் அது. தீவின் வெண்மணலில் ஒரு பகுதி அதன் வயிற்றிலிருந்து வந்தது. வண்ணாத்தி மீன்கள் இணையிணையாகத் திரியும். களவாய் மீன் ஒன்று பாறை நிழலில் வாய் திறந்து நிற்க, விரல் அளவுள்ள சிறுமீன் அதன் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்று வெளியேறும். களவாய் அதனை விழுங்குவதில்லை. பொந்தினுள் அஞ்சாலை வாயை மெல்லத் திறந்து மூடும். சினம் போல் தோன்றும் அச்செயல் அதன் மூச்சு. கடல் சாமந்தியின் நச்சுக் கொம்புகளுக்கிடையே கோமாளி மீன் அச்சமின்றி வாழும். அக்குடும்பத்தில் மூத்தது பெண். அது மாண்டால் அடுத்து நிற்கும் ஆண் பெண்ணாக மாறித் தலைமை ஏற்கும். கடல் அட்டை மணலை உண்டு தூய்மை செய்யும். அழுங்காமை, பேராமை, சிங்கி இறால், கடற்குதிரை, திருக்கை ஆகியவை அவ்வப்போது தோன்றும். கடற்புல் வெளிகளை நாடி வரும் ஆவுளியா அரிதாகிவிட்டது.

இங்கு நிறத்தைப் பற்றி மீண்டும் ஒரு சொல். கடல்நீர் வெயிலின் நிறங்களுள் செந்நிறத்தையே முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டர் இறங்கியதும் சிவப்பின் பெரும்பகுதி மறையும். இன்னும் ஆழத்தில் செந்நிறப் பொருள் கருஞ்சாம்பலாகத் தோன்றும். புலவர் பாடிய மத்தியதரைக் கடற்பவளம் ஆழமான, ஒளி குறைந்த பாறைக் குகைகளில் வாழ்வது. அதன் சிவப்பை அதன் இருப்பிடத்தில் காண வேண்டுமாயின் கையில் விளக்கு வேண்டும். இலக்கியம் போற்றிய அச்செம்மை, பவளம் உயிரோடிருந்தபோது பெரும்பாலும் எவர் கண்ணுக்கும் தோன்றாதது. மேலே கொண்டுவந்த பின்னரே மனிதர்க்குத் தெரிந்தது.

வெண்மை

தமிழகக் கடற்பவளத்திற்கு நேர்ந்தவற்றைக் கூறாது இவ்வுரையை முடித்தல் முறையாகாது. பல்லாண்டுகள் இப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்திற்கும் கொண்டு சென்றனர். தூத்துக்குடிக்கு அருகே விலாங்குச்சல்லி, கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் அலைக்கு எதிர்நின்ற பாறையரணை இழந்து நீரில் மூழ்கின. சல்லி என்னும் சொல் உடைகல்லைக் குறிக்கும். விலாங்குச்சல்லி, காரைச்சல்லி என்னும் பெயர்கள் அம்மண்ணின் இயல்பை உணர்த்துவன. 21 தீவுகள் என்று இன்றும் எழுதுகின்றனர். நீருக்கு மேல் நிற்பவை 19. பவளம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டியெடுத்தல் பெரும்பாலும் நின்றது.

வெட்டுங்கை நின்ற பின் வெப்பம் வந்தது. கோடைக் கடலின் வழக்கமான உச்சத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி நீங்கியதும் கண்ணாடி போன்ற உடலினூடே சுண்ணாம்புக் கல் வெள்ளையாகத் தெரியும். இதனை வெளிறல் என்பர். அந்நிலையில் பவளம் இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிடில் உயிர் போகும். மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடும் வெளிறலைக் கண்டது. ஆய்வாளர்கள் கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு என்று அளந்து எழுதினர். 2005-இல் பாறைப் பரப்பில் ஏறத்தாழ 37 விழுக்காடு உயிருள்ள பவளம் இருந்தது. 2009-இல் அது 43 ஆக உயர்ந்தது. வெட்டுவது நின்றால் பாறை தானே தழைக்கும் என்பதற்கு அதுவே சான்று. 2010 வெளிறலுக்குப் பின் 33 ஆகக் குறைந்தது. மெல்ல மீண்டு 39-ஐ எட்டிய நிலையில் 2016 வந்தது, எஞ்சியது 23. உலகக் கடல்களில் நான்காவது பெருவெளிறல் நிகழ்ந்து வருவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

வெளிறிய பவளப் பாறை காண்பதற்கு அழகானது. நிலாவில் நனைந்த தோட்டம் போல் தூய வெண்மையாக விளங்கும். அறியாத ஒருவர் அதனையே கடலடியின் சிறப்பென்று பாடக்கூடும். அவ்வாறு பாடினால் அது பட்டினியால் மெலிந்த உடலை மெல்லியல் என்று புகழ்ந்ததாகும். பழுப்பே அங்கு நலத்தின் நிறம். வெண்மை நோயின் நிறம். இவ்வேறுபாட்டைக் கவிஞர் அறிந்திருத்தல் வேண்டும். மலையின் பசலையையும் தலைவியின் பசலையையும் பிரித்தறிந்து பாடிய மரபில், கடலின் பசலையை அறியாதிருத்தல் பொருந்தாது.

சொல்லும் கடமையும்

இத்தீவுகளைச் சுற்றி இன்றும் மூழ்குவோருள் பெண்கள் பலர். பாம்பன், இராமேசுவரம் பகுதி மீனவப் பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கின்றனர். முதுகில் உருளை இல்லை; சேலைமேல் ஒரு சட்டை, முகத்தில் கண்ணாடி, கல் கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை ஆகியவையே அவர்களின் கருவிகள். பூங்கா அறிவிக்கப்பட்ட பின், தாயும் பாட்டியும் குளித்த இடத்திலேயே அவர்கள் அத்துமீறியவராகக் கருதப்பட்டனர். பாறையைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. காப்பவர் பட்டியலில் அவர்களைச் சேர்க்காதது குறை. பாசி மீண்டும் வளர வேண்டும் என்று எடுக்கும் நாள்களைத் தாமே குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி அப்பெண்களின் உரிமைக்காகவும் பாசியின் பாதுகாப்பிற்காகவும் உழைத்தமைக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பின் பரிசைப் பெற்றார்.

அவர்கள் எடுக்கும் பாசிகளுள் ஒன்றின் பெயர் மரிக்கொழுந்துப் பாசி, மற்றொன்று கட்டக்கோரை. நிலத்தில் மணக்கும் செடியின் பெயரைக் கடலடித் தழைக்குச் சூட்டிய உள்ளம் கவியுள்ளமே. அஞ்சாலை, அழுங்காமை, ஆவுளியா, வண்ணாத்தி, தொளாயிரம் பார் ஆகியவை எந்தப் புலவரும் ஆக்கிய சொற்கள் அல்ல. நீரில் மூழ்கியவர் கொண்டுவந்தவை. நெய்தல் திணையைப் பாடும் இன்றைய கவிதையில் அலையும் கரையும் நிறைய உள்ளன. நீர்மட்டத்தின் கீழ் ஒன்றுமில்லை. பாசி எடுக்கும் பெண்களின் மகள்கள் கரையில் வேறு வேலைக்குச் செல்லும் நாளில், எழுதி வைக்கப்படாத பெயர்கள் அவர்களோடு நின்றுவிடும். பாறை அழிந்தால் பெயருக்கு உரிய பொருளும் இராது.

ஆய்வாளர்கள் உடைந்த பவளக் கிளைகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். தூத்துக்குடி வான் தீவின் கரை கரையாதிருக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன. அப்பணி அவர்களுடையது. சொற்களைக் காக்கும் பணி இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கு உரியது. அதற்குக் கவிஞர் அனைவரும் உருளை சுமந்து மூழ்க வேண்டியதில்லை. பாம்பனிலோ தூத்துக்குடியிலோ ஒரு மாலைப் பொழுது கரையில் அமர்ந்து, சங்கு குளிக்கும் பெரியவரிடமும் பாசி எடுக்கும் அம்மாவிடமும் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாலே போதும். பெய்சொனல் செய்தது பெரிய செயலன்று. எல்லோரும் மலர் என்ற ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு உயிர் உண்டு என்று தெரிந்தது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் சிறக்க வேண்டும். இருபதாம் ஆண்டு மலரில் பவளத்தைப் பற்றிய கவிதை ஒன்றேனும் இடம்பெறுமாயின், அதில் வரும் பவளம் பழுப்பு நிறத்ததாய், அசைவதாய், பசிப்பதாய் இருக்குமாக.